கேட்காத காசு

"டீச்சர், அந்த நடுக்கதவு ரெண்டுக்கும் நல்ல விலை கிடைச்சிருக்குமே?"

2022 ஜூன் மாதம். வேலை நின்று இரண்டு மாதமாகியிருந்தது. கொழும்பு, கொச்சிக்கடையில் எங்கள் வீட்டின் கூரை பாதி திறந்து, அதன்மேல் நீலத் தறப்பாள் கட்டியிருந்தது. தனக்கு வரவேண்டிய கூலிப் பாக்கியைப் பற்றிக் கதைக்க வந்த மேசன் பாஸ், முன்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபடி இதைக் கேட்டார். அவர் கேள்வியில் கள்ளம் இல்லை. எல்லாம் வீட்டுக்காரிக்குத் தெரிந்துதான் நடந்தது என்று நினைத்திருந்தார்.

"அது கறையான் பிடிச்ச கதவுதானே பாஸ்? விறகுக்குக் குடுத்ததெண்டு சொன்னா."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "கறையானா? தேக்குங்க டீச்சர். நான்தான் கழட்டினேன். ஒரு அரிப்பும் இல்லை. லொறியில வந்தவங்க தட்டித் தட்டிப் பார்த்துத்தான் ஏத்திக்கிட்டுப் போனாங்க."

கறையான் என்று சொன்னவள் நாற்பது வருடத்துக்கு மேலாக என் தோழி. அன்று பின்னேரம் வரை அந்தப் படியிலிருந்து நான் எழும்பவில்லை.

பழைய வீட்டைத் திருத்த நினைப்பவர்களுக்கும், அந்த வேலையை ஒரு நட்பை நம்பி ஒப்படைக்க நினைப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அவள் பெயரை எழுதமாட்டேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வீடு

ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கை ஒன்றில், இரண்டு பக்கமும் அயல்வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் நாலு பேர்ச் வீடு அது. கபுக் கல் சுவர், கலிக்கட் ஓட்டுக் கூரை, சிவப்புச் சீமெந்துத் தரை, நடுவில் ஒரு சின்ன முற்றம். அப்பாவின் அப்பா வாங்கியது. ஒரு பக்கம் பொன்னம்பலவாணேசர் கோயில் மணியும் மறுபக்கம் அந்தோனியார் கோயில் மணியும் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். அம்மா வெள்ளிக்கிழமை சிவன் கோயிலுக்குப் போவா. செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடம் போவா. கொச்சிக்கடையில் அதை யாரும் விசேடமாகப் பார்ப்பதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அந்தக் கோயிலில் மெழுகுதிரியோடு நிற்கும் சனத்தில் யார் எந்தச் சமயம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. காலை 8.45 மணியளவில் அந்தோனியார் கோயிலுக்குள் குண்டு வெடித்தபோது எங்கள் முன்யன்னல் கண்ணாடிகள் உதிர்ந்தன. அம்மா தரையில் இருந்து நடுங்கிக்கொண்டிருந்தா. அன்று இரவே வெள்ளவத்தையில் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். அடுத்த வருடம் அம்மா போய்ச் சேர்ந்தா. பூட்டிய வீட்டுக்குள் மழை இறங்கத் தொடங்கியது.

2021 முடிவில் ஓய்வுபெற்றேன். பணிக்கொடைக் காசு கையில் இருந்தது. வீட்டை விற்கும்படி பலர் சொன்னார்கள். அம்மா பயந்து வெளியேறிய வீடு பயத்தோடேயே முடிந்துபோகக் கூடாது என்று நினைத்தேன். திருத்திக்கொண்டு அங்கே போய் இருப்பது என்று முடிவெடுத்தேன்.

ஏன் கணக்குக் கேட்கவில்லை

தோழி பல வருடங்களாக வீடு திருத்தும் வேலைகளை எடுத்துச் செய்துகொண்டிருந்தாள். மேசன், தச்சு, பெயின்ற் எல்லாவற்றுக்கும் அவளிடம் ஆட்கள் இருந்தார்கள். "உம்மட வீடு என்ட வீடு மாதிரி. நீர் ஒண்டுக்கும் கவலைப்படாதீர். சித்திரை வருசத்துக்குப் பால் காய்ச்சுவம்" என்றாள். மொத்தம் இருபத்திரண்டு இலட்சம் என்று வாயால் பேசினோம். டிசம்பரில் எட்டு இலட்சம் கொடுத்தேன், பெப்ரவரியில் ஆறு இலட்சம். ஒரு துண்டுக் கடதாசிகூட எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்று பிறகு பலர் கேட்டார்கள். 1983 ஜூலை 25ஆம் திகதி நான் வெள்ளவத்தையில் அவள் வீட்டில் இருந்தேன். தெருவில் வீடுகள் எரியத் தொடங்கியபோது பின்மதிலால் என்னை ஏற்றி இறக்கி, கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவள் அவள். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் திறந்த அகதி முகாமில் ஒரு பாயில் இரண்டு பேரும் படுத்தோம். கப்பலில் காங்கேசன்துறைக்குப் போகும்வரை அவளுடைய அம்மா தன் பிள்ளைக்குக் கொடுத்த அளவு சாப்பாட்டை எனக்கும் கொடுத்தா. அப்படிப்பட்டவளிடம் கடதாசி நீட்டுவது எனக்குப் பாவமாகத் தெரிந்தது.

பிறகு 2022 வந்தது. அந்த வருடத்தை இலங்கையில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மார்ச் தொடக்கம் வரை 200 ரூபாயைச் சுற்றி நின்ற டொலர், மே மாதத்தில் 360 ஆனது. வருடத் தொடக்கத்தில் 1,500 ரூபாய்க்குள் வாங்கிய ஐம்பது கிலோ சீமெந்து மூடை நடுப்பகுதியில் 3,000 ரூபாய் அளவுக்கு ஏறியது. மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. டீசல் இல்லாமல் மணல் லொறி வரவில்லை. "இண்டைக்கு ஒரு விலை, நாளைக்கு ஒரு விலை" என்று அவள் சொன்னபோதெல்லாம் அது உண்மையாகவே இருந்தது. அதனால்தான் பொய்யும் அதற்குள் ஒளிந்துகொண்டது. விலை தாறுமாறாக ஏறும் காலத்தில் எது விலையேற்றம், எது களவு என்பதைக் கணக்கு இல்லாமல் பிரிக்க முடியாது. இது நான் கற்ற முதல் பாடம்.

பாஸ் சொன்ன அடுத்த நாள் பழைய சோனகத் தெருவுக்குப் போனேன். அவள் பொருள் எடுத்த ஹார்ட்வெயார் கடை முதலாளி தன் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். நூற்று அறுபது மூடைச் சீமெந்துக்கு நான் காசு கொடுத்திருந்தேன். எங்கள் வீட்டுக்கு வந்தது நாற்பது. கூரை ஓட்டில் முக்கால்வாசி உடைந்துவிட்டது என்றும் சொல்லியிருந்தாள். கலிக்கட் ஓடு நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ 140 தேவைப்படும். எங்கள் கூரை ஏறத்தாழ ஆயிரம் சதுர அடி, ஆகவே 1,400 ஓடு. ஆயிரம் ஓடு உடைந்திருந்தால் ஒழுங்கையில் ஒரு மேடே கிடந்திருக்க வேண்டும். முற்றத்தில் கிடந்ததோ இரண்டு சாக்குத் துண்டு ஓடு.

"நீர் கேட்கமாட்டீர்"

மூன்று நாள் கழித்து அவளைச் சந்தித்தேன். சத்தம் போடவில்லை. எழுதிக்கொண்டு போன கணக்கை மேசையில் வைத்தேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அழுதாள். இரண்டு மாடிவீட்டு வேலைகளை விலையேற்றத்துக்கு முன்பு நிலையான தொகைக்கு ஒப்புக்கொண்டிருந்தாளாம். பொருள் விலை இரண்டு மடங்கானபோது அந்தச் சொந்தக்காரர்கள் ஒப்பந்தத்தைக் காட்டி, ஒரு சதமும் கூடத் தரமாட்டோம் என்று நின்றார்களாம். என் காசை எடுத்து அந்த வேலைகளுக்குப் போட்டிருக்கிறாள். அதுவும் போதாமல் என் கதவை, நிலையை, ஓட்டை விற்றிருக்கிறாள்.

"என்ட காசை ஏன் எடுத்தீர்?" என்று கேட்டேன்.

"மற்ற ஆக்கள் கணக்குக் கேட்பினம். நீர் கேட்கமாட்டீர் எண்டு தெரியும்."

காசும் கதவும் போனதைவிட அந்த ஒரு வசனம்தான் என்னை உடைத்தது. ஆனால் பின்னாளில் எனக்கு வழி காட்டியதும் அதுதான். நெருக்கடியில் மாட்டிய ஒருவர் முதலில் கைவைப்பது, யார் கேட்கமாட்டார்களோ அவர்களுடைய காசில்தான். அந்த இடத்தில் என்னை நானே வைத்திருந்தேன். நான் கேட்டிருந்தால் அவள் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கக்கூடும். என் கதவும் தப்பியிருக்கும், எங்கள் நட்பும் தப்பியிருக்கும். அவள் செய்தது துரோகம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கேட்காமல் இருந்தது என் பக்கத்துப் பிழை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபிறகுதான் எனக்கு நித்திரை வந்தது.

அந்த முதல் மாதங்கள்

ஏமாற்றப்பட்டவர்களுக்கு வெட்கம் வரும் என்பதை அனுபவித்தபிறகுதான் அறிந்தேன். தவறு செய்தவள் அவள், ஆனால் தெருவில் தலை குனிந்து நடந்தது நான். கனடாவில் இருக்கும் மகனிடம் இரண்டு மாதம் சொல்லவில்லை. விடிய மூன்று மணிக்கு எழும்பிப் பழைய வட்ஸ்அப் செய்திகளை வாசித்து, எந்த இடத்தில் பொய் தொடங்கியது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன். ஒன்று, ஒரே ஒருவரிடம் முழுவதையும் சொன்னேன். அது என் அக்கா. பத்துப் பேரிடம் பாதி பாதியாகச் சொல்வது கதையாகித் தெருவெல்லாம் போகும், நெஞ்சுப் பாரம் குறையாது. இரண்டு, கோபம் உச்சத்தில் இருந்த நாட்களில் அவளுக்கு எந்தச் செய்தியும் அனுப்பவில்லை. அப்போது அனுப்பியிருந்தால் பின்னால் நான் போன மத்தியஸ்த சபையில் அவை எனக்கு எதிராக வாசிக்கப்பட்டிருக்கும். மூன்று, ஒவ்வொரு நாளும் வெள்ளவத்தையிலிருந்து பஸ் எடுத்து வீட்டுக்குப் போனேன். தண்ணீர் வழிந்த இடங்களில் வாளி வைத்தேன், தறப்பாளை இழுத்துக் கட்டினேன், மிஞ்சிய ஓடுகளைக் கழுவி அடுக்கினேன். மனம் ஓடிக்கொண்டிருந்தபோது கை ஒரு இடத்தில் நின்று வேலை செய்தது. நித்திரை வராமல், வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் யாருக்காவது வந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். அழைப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

காசை மீட்ட வழி

முதலில் ஆதாரத்தைச் சேர்த்தேன். வங்கி மூலம் கொடுத்த எட்டு இலட்சத்துக்கு வங்கிக் கூற்று இருந்தது. கையில் கொடுத்த ஆறு இலட்சத்துக்கு, "கிடைத்தது" என்று அவள் அனுப்பிய ஒரு செய்தி மட்டும் இருந்தது. அந்த ஒரு சொல்தான் என்னைக் காப்பாற்றியது. கடைப் புத்தகத்தின் படம், பாஸின் வாக்குமூலம், அம்மா இருந்த காலத்தில் எடுத்த குடும்பப் படங்களில் பின்னால் தெரிந்த கதவுகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டேன்.

பிறகு மத்தியஸ்த சபைக்குப் போனேன். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தவை இந்தச் சபைகள். குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பணத் தகராறு நீதிமன்றம் போகுமுன் இங்கே வந்தாக வேண்டும், அதற்கு மேற்பட்டதை இரு தரப்பும் விரும்பினால் கொண்டுவரலாம். சட்டத்தரணிகள் அங்கே தோன்ற முடியாது. இரண்டு தரப்பும் நேருக்கு நேர் இருந்து தாங்களே பேச வேண்டும். இணக்கம் வந்தால் எழுதி ஒப்பமிடுவார்கள், வராவிட்டால் அதற்கான சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம். நம்பிக்கைத் துரோகம் தண்டனைச் சட்டக்கோவையில் 388ஆம் பிரிவில் சொல்லப்பட்ட குற்றம். பொலிசுக்குப் போயிருக்கலாம். அக்காவும் அதைத்தான் சொன்னா. அவள் மறியலில் இருந்தால் என் கூரை மூடப்படாது என்று நினைத்தேன். 1983இல் என் கையைப் பிடித்தவளை அங்கே அனுப்ப என் மனமும் இடம் கொடுக்கவில்லை. இன்னொருவர் வேறு விதமாக முடிவெடுத்தால் அதுவும் நியாயமே.

வேலையாகவும் பொருளாகவும் வந்தது போக, எனக்குச் சேரவேண்டியது ஏழு இலட்சத்துக்குக் குறையாது. ஐந்து இலட்சத்துக்கு இணங்கினோம். மாதம் 25,000 ரூபாய், இருபது தவணை. ஒவ்வொரு முறையும் அவள் கொண்டுவந்து தந்தபோது பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தேன். எங்கள் நட்பில் நாங்கள் எழுதிய முதல் கணக்கு அதுதான். நான்கு தவணை பிந்தியது. இருபதும் வந்து சேர்ந்தது.

ஒரு எச்சரிக்கை. வழக்குக்குக் காலவரையறை உண்டு. எழுத்திலுள்ள ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்ப்பேச்சுக்கு மூன்று வருடம். கடைக் கணக்கு, செய்த வேலைக்கான கூலி போன்றவற்றுக்கு ஒரு வருடம்தான். "தருவா, பொறுத்துப் பார்ப்பம்" என்று இருந்து காலத்தைத் தவறவிட்டவர்கள் நிறைய. சந்தேகம் வந்த உடனேயே ஒரு சட்டத்தரணியிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

வீடு கற்றுத் தந்தவை

2023 ஜனவரியில் அதே மேசன் பாஸை வைத்து வேலையைத் திரும்பத் தொடங்கினேன். அவருடைய கூலிப் பாக்கியை முதலில் தீர்த்தேன். அந்தக் காசை நான் ஏற்கெனவே தோழியிடம் கொடுத்திருந்தேன் என்பது அவருடைய பிழை அல்ல. அவர் வியர்வை என் சுவரில் இருந்தது. அன்றிலிருந்து அவர் எனக்குச் செய்த உதவிக்கு விலை சொல்ல முடியாது.

உடைக்குமுன் எண்ணுங்கள். பழைய வீட்டில் அதிகப் பெறுமதி உள்ளது நீங்கள் புதிதாக வாங்கப் போகும் பொருள் அல்ல, கழற்றப் போகும் பொருள். தேக்குக் கதவு, முதிரை நிலை, பலாப் பலகை, பித்தளைக் கொண்டி, நல்ல ஓடு எல்லாவற்றுக்கும் வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கதவுக்கும் யன்னலுக்கும் சோக்கால் இலக்கம் போட்டு, நீள அகலம் அளந்து, முன்னும் பின்னும் படம் எடுத்து, ஒரு கொப்பியில் பதியுங்கள். "கழற்றும் எதுவும் வீட்டுக்காரருக்குச் சொந்தம், அவர் பார்த்து ஒப்பமிடாமல் வெளியே போகக்கூடாது" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். கறையான் என்று யாராவது சொன்னால் ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். அரித்த மரத்துக்குள் அது உடனே இறங்கும்.

சுவர் ஏன் நனைகிறது என்று கண்டுபிடியுங்கள். சித்திரை வருசத்துக்கு முடிக்கிறேன் என்ற அவசரத்தில் தோழியின் ஆட்கள் ஈரச் சுவரின்மேல் சீமெந்துப் பூச்சைப் பூசிவிட்டார்கள். நான்கு மாதத்தில் அது கொப்பளித்து உப்புப் பூத்தது. கபுக் கல் நீரை உறிஞ்சி வெளியே விடும் தன்மை உள்ளது. மேலே இறுக்கமான சீமெந்தைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே நின்று கல்லைத் தின்னும். கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டில் உப்பும் சேர்ந்துகொள்ளும்.

பாஸ் பூச்சை உடைத்துவிட்டுப் பத்து நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத்துக்கு இரண்டு காரணம் இருந்தது. எங்கள் கூரைக்கும் பக்கத்து வீட்டுக் கூரைக்கும் இடையில் ஓடிய பீலி துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அத்தோடு, வருடக்கணக்காகத் தார்மேல் தார் போட்டதில் ஒழுங்கை உயர்ந்து, எங்கள் தரை தெருவைவிடத் தாழ்ந்திருந்தது. பீலியை மாற்றினோம். முன்பக்கம் ஒரு சின்னக் கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பினோம். கொழும்பில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. அந்த மூன்று மாதமும் சுவரைத் திறந்து காயவிட்டோம். பிறகு, பீப்பாவில் தண்ணீரோடு ஊறவைத்த சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று என்று கலந்து இரண்டு தட்டாகப் பூசி, ஈரச் சாக்குப் போட்டு மெல்ல இறுகவிட்டோம். மேலே பிளாஸ்டிக் பெயின்ற் வேண்டாம் என்று சுண்ணாம்பே அடித்தோம். சீமெந்தைவிடச் செலவு குறைவு, நாள்தான் கூட. அந்தச் சுவர் இன்றுவரை நனையவில்லை.

ஓட்டைத் தட்டிக் கேளுங்கள். நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும், வெடித்தது மொத்தையாக ஒலிக்கும். மிஞ்சிய ஓடுகளை இப்படித் தட்டிப் பிரித்தோம். குறைந்தவற்றை, இடிக்கும் வீடுகளிலிருந்து வரும் பழைய ஓடாகவே வாங்கினோம். புதியதும் பழையதும் பூட்டிக்கொள்ளும் அளவு எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. றீப்பைகளை முழுதாக மாற்றினோம். ஓட்டை மிச்சம் பிடிக்கலாம், அதைத் தாங்கும் மரத்தில் மிச்சம் பிடிக்கக்கூடாது.

வயரிங்கை முழுதாக மாற்றுங்கள். துணி சுற்றிய பழைய வயரும், நிலத்தொடுப்பு இல்லாத வட்டத்துளைப் பிளக் பொயின்ற்களும் எங்கள் வீட்டில் இருந்தன. சுவர் திறந்திருக்கும்போதே புதிய வயர், 30 மில்லி அம்பியரில் விழும் ட்றிப் சுவிச், நிலத்தொடுப்பு மூன்றையும் செய்து முடித்தோம். பூச்சு முடிந்தபிறகு இதை நினைத்தால் இரட்டைச் செலவு.

பொதுச் சுவரைத் தொடுமுன் அயலவரிடம் சொல்லுங்கள். பொதுச் சுவரில் ஒரு துளை போட்டாலும் அது அவர் வீட்டுக்குள் கேட்கும். நான் இரண்டு வீட்டுக்கும் போய் எந்த நாளில் என்ன வேலை என்று சொன்னேன், இருந்த வெடிப்புகளை அவர்களோடு சேர்ந்து படமெடுத்தேன். பீலிச் செலவில் பாதியைப் பக்கத்து வீட்டு அங்கிள் தானாகவே தந்தார். சுவரை மாற்றுவது, முன்பக்கத்தைக் கட்டுவது என்றால் மாநகர சபை அனுமதி முதலில், மேசன் பிறகு.

நாளைக் குறிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் இரண்டு உதாரணம் இருக்கிறது. குண்டுவெடிப்பில் சிதைந்த அந்தோனியார் கோயிலைக் கடற்படையினர் இரவு பகலாகத் திருத்தி, 52 நாளில், 2019 ஜூன் 12ஆம் திகதி திறந்தார்கள். காயப்பட்ட சனத்துக்கு அந்த வேகம் தேவைப்பட்டது. பொன்னம்பலவாணேசர் கோயிலை சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திரும்பக் கட்டுவதற்கு 1907 முதல் 1912 வரை ஆனது. அந்தக் கல்வேலைக்கு அந்தப் பொறுமை தேவைப்பட்டது. உங்கள் வீட்டுக்கு எது தேவை என்பதைச் சுவரும் கூரையும் சொல்லட்டும். கொண்டாட்ட நாளைக் குறித்துவிட்டு அதற்குள் வேலையை நெருக்கினால், மறைக்க வேண்டியதெல்லாம் பூச்சுக்குள் போய்விடும்.

காசு கொடுக்கும் முறை

இரண்டாம் முறை நான் கடைப்பிடித்த விதிகள் இவை. வேலையைக் கூரை, சுவர், வயரிங், குழாய், தரை, மரவேலை என்று ஆறு கட்டமாகப் பிரித்தேன். ஒரு கட்டம் முடிந்து, பார்த்து, ஒப்பமிட்ட பிறகே அந்தக் கட்டத்துக்குக் காசு. முற்பணம் ஒரு கட்டத்தின் கால்வாசிக்கு மேல் இல்லை. பொருளை நானே வாங்கினேன், பில் என் பெயரில். மணல் கியூப் கணக்கில் வரும். ஒரு கியூப் என்றால் நூறு கன அடி. லொறி கொட்டுமுன் பெட்டியின் நீளம், அகலம், மணலின் உயரம் மூன்றையும் நாடாவால் அளந்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் பத்து வீதத்தை நிறுத்தி வைத்து, ஒரு மழைக்காலம் போனபிறகு கொடுத்தேன்.

இன்னொரு விதி வேலை எடுப்பவருக்கானது. விலை ஏறினால் என்ன செய்வது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். "சீமெந்து, கம்பி விலை பத்து வீதத்துக்கு மேல் மாறினால் பில்லைக் காட்டிப் பேசித் தீர்ப்போம்" என்று ஒரு வரி போதும். என் தோழியின் மற்ற இரண்டு ஒப்பந்தங்களில் அந்த வரி இருந்திருந்தால் அவள் என் காசைத் தொட்டிருக்கமாட்டாள் என்று இன்றும் நினைக்கிறேன். வேலைகாரரை நட்டத்தில் தள்ளி மலிவாகக் கட்டிய வீட்டின் மிச்சச் செலவை எங்கோ யாரோ ஒருவர் கட்டிக்கொண்டிருப்பார். அந்த இரண்டு மாடிவீடுகளுக்காக அதைக் கட்டியவள் நான்.

பால் காய்ச்சிய நாள்

2023 ஜூன் 13, அந்தோனியார் திருநாள். அந்த வருடம் அது செவ்வாய்க்கிழமையிலேயே வந்தது. நாங்கள் நாள் குறித்து முடிக்கவில்லை, முந்தின கிழமைதான் தச்சுவேலை தீர்ந்திருந்தது. காலையில் பால் காய்ச்சினோம். பாஸ் தன் மனைவியோடும் பிள்ளைகளோடும் வந்து எங்களோடு இருந்து சாப்பிட்டார். பின்னேரம் ஒழுங்கை முழுவதும் சனம் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தொலைந்ததை மீட்டுத் தருபவர் அந்தோனியார் என்று அம்மா சொல்லுவா. நானும் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

கதவுகள் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் இப்போது சாதாரணப் பலாக் கதவு நிற்கிறது. தோழியும் நானும் பழையபடி ஆகவில்லை. கடைசித் தவணை தந்த அன்று, "இதோட முடிஞ்சுதா?" என்று கேட்டாள். "காசுக் கணக்கு முடிஞ்சுது" என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவளுடைய அம்மாவின் திவசத்துக்குப் போனேன், போகவேண்டியது என் கடமை. வீட்டு வேலைக்கோ பணத்துக்கோ இனி நான் அவளிடம் போகமாட்டேன். மன்னிப்பது என் மனதுக்குள் நடப்பது. திரும்ப நம்புவதற்கு அவளுடைய செயல் வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்து அவசரப்பட வேண்டாம் என்று என் நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்வேன்.

நட்புக்குள் கணக்கு வந்தால் நட்பு கெடும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். எங்கள் நட்பு கணக்கு இல்லாததால்தான் கெட்டது. நீங்கள் ஒரு நண்பரிடம் வீட்டையோ காசையோ ஒப்படைக்கப் போகிறீர்கள் என்றால், அதே நாளில் ஒரு கொப்பி வாங்கி முதல் பக்கத்தில் இரண்டு பேரும் ஒப்பமிடுங்கள். ஒவ்வொரு கிழமையும் அதைத் திறந்து என்ன வந்தது, என்ன போனது என்று கேளுங்கள். கேட்டால் மனம் நோகுமே என்று நினைத்து, நீங்கள் நேசிப்பவரின் கையில் கேட்காத காசை வைத்துவிடாதீர்கள்.